ஆயில் மாற்றக் கொடுத்தேன், மரையை அறுத்துவிட்டார்கள்

மன்னார்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றிய மறுநாளே காருக்கடியில் ஆயில் சொட்டியது. கேட்டால், "பழைய வண்டி சார், சீல் போயிருக்கும்" என்றார்கள். அம்மாவைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போகிற வண்டி. வழியில் என்ஜின் ஜாம் ஆகியிருந்தால்? இன்னமும் கோபம் வருகிறது.

வண்டியை அவர்களிடம் திரும்ப விடவில்லை. விட்டால் ஆதாரம் போய்விடும். ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து, திருவாரூரில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில், என்ஜினுக்கடியில் ஆயில் நிற்கும் அலுமினிய சம்ப்பில் போல்ட் ஏறும் மரை அறுந்து, ஓரத்தில் விரிசலும் விட்டிருந்தது. இரும்பு போல்ட் தாங்கும், அலுமினியம் தாங்காது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியிருந்தால் இந்தக் கதியே இல்லை. அவர் இதை லெட்டர்பேடில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். போல்ட்டில் சுற்றியிருந்த அலுமினியத் துருவலையும் படமெடுத்தேன்.

பில், ஜாப் கார்டு, படங்கள், புது சம்ப்புக்குக் கொட்டேஷன் சேர்த்து, ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 15 நாள் கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 2 ஆண்டுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதையும் எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தேன்.

ஓனரே போன் செய்தார். ஹெலிகாயில், அதாவது அறுந்த மரைக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள், போட்டுத் தருகிறேன் என்றார். மரை மட்டும் போயிருந்தால் அது சரியான வேலைதான், விரிசலுக்கு உதவாது. புது சம்ப்புக்கும் கூலிக்கும் பணம் கேட்டேன். கணக்கில் பணம் ஏறிய பிறகே தீர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.