சாளைக்கு நாய் வாங்குறதுக்கு முன்னால

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட ஆரம்பித்த பிறகு, தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் பெரிய நாயாகத் தேடுகிறார்கள். நான் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், செம்மறி வைத்திருப்பவள். எங்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நாய் இல்லாத நாளே கிடையாது. அதனால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். "ராட்வைலர் ஒண்ணு வாங்கிக் கட்டிப்போட்டா ஆட்டுக்குக் காவல் ஆச்சுங்களே அக்கா?" என்று.

ஆகாதுங்க. ராத்திரி நாலைந்து நாய் கூட்டமாக வரும்போது, சங்கிலியில் கிடக்கும் ஒரு நாய் குரைப்பதைத் தவிர என்ன செய்யும்? அவிழ்த்து விட்டால் நம் ஆட்டையே அது விரட்டாது என்று யார் சொன்னது? அந்தப் பணத்தில் பட்டியைச் சுற்றி ஆளுயரக் கம்பிவலை போடுங்கள். நாய் தோண்டி நுழையாதபடி ஓரடி மண்ணுக்குள் இறக்கிப் போடுங்கள். கிளுவை வேலியை நம்பி ராத்திரி முழுக்க ஆட்டை வெளியில் விடுகிற காலம் போய்விட்டது. சத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றால் நாட்டு நாயே தாராளம். அதுவும் குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்ந்ததாக இருக்க வேண்டும்.

வீட்டுக் காவலுக்கு என்றால், சாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். விடியக்காலை பால் கறக்க வருகிறவர், தேங்காய் போட வரும் ஆட்கள், களை வெட்ட வருகிறவர்களோடு வரும் சின்னக் குழந்தைகள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் ஒறம்பரை (சொந்தக்காரர்கள்). இத்தனை பேரும் வந்து போகிற இடத்தில், அந்நியரைக் கண்டாலே ஆகாத நாய் எதற்கு? நீங்கள் ஒரு விசேசத்துக்குப் போய்விட்டால் சோறு வைப்பது எழுபது வயசு அப்பாரு என்றால், ஐம்பது கிலோ நாய் ஒரு இழு இழுத்தால் அவர் நிற்பாரா என்றும் யோசியுங்கள்.

எந்த இனத்தின் பேரைக் கேட்டாலும், அதை எந்த வேலைக்கு உண்டாக்கினார்கள் என்று விசாரியுங்கள். ராட்வைலர் ஜெர்மனியில் மாடு ஓட்டவும், கறிக்கடைக்காரர்களின் வண்டி இழுக்கவும் இருந்த நாய். பலமும் பிடிவாதமும் அங்கிருந்து வந்தவை. பிட்புல்லின் முன்னோர் இங்கிலாந்தில் காளையோடும், பிறகு மற்ற நாய்களோடும் சண்டை போட வளர்க்கப்பட்டவை. யாரையும் கடிக்காமலே வாழ்ந்து முடிக்கிற பிட்புல்லும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொமரேனியன் கடித்தால் ஒரு தையலோடு போகலாம். பிட்புல் பிடித்தால் விடுவிக்கவே இரண்டு ஆள் வேண்டும். கடிக்குமா என்று மட்டும் கேட்காமல், கடித்தால் என்ன ஆகும் என்றும் கேட்கச் சொல்கிறேன். எட்டு மாசத்தில் மடியில் படுக்கிற ராட்வைலரின் முழுக் குணம் இரண்டு வயசில்தான் தெரியும். குட்டியை மட்டும் பார்த்து யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பெல்ஜியன் மாலினாய் இப்போது மோகம். அது போலீசுக்கும் ராணுவத்துக்கும் வேலை செய்கிற நாய். வேலை கொடுக்காவிட்டால் கட்டிலைத் தின்னும். சித்திரை வெயிலில் பனிநாட்டு நாயான ஹஸ்கியை வளர்ப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

நம்ம ஊர் நாய் என்றால் சாது என்றும் நினைக்காதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் முயல் துரத்த வளர்த்தவை. ஓடுகிற எதையும் துரத்தும், கோழியும் ஆட்டுக்குட்டியும் அதில் சேர்த்திதான். ராஜபாளையம் ஒரே ஆளிடம் ஒட்டும், புது ஆளைச் சேர்க்காது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் வரும். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கை தட்டிப் பார்த்தால் தெரியாது. மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். தனியாகத் தூக்கிவந்து, அது வேறு பக்கம் பார்த்து மண்ணை மோந்துகொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒரு வட்டலை (தட்டை) கீழே போடுங்கள். காது அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். தரை அதிராத தூரத்தில் போட வேண்டும், அதிர்வுக்கும் திரும்பும்.

கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிக்கும்போது சுழி பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நாய்க்கு மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து ஜிபே பண்ணிவிடுகிறோம். நேரில் போங்கள், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் பம்மினாலோ, வளர்ப்பவரையே உறுமினாலோ வண்டியைத் திருப்புங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே இருக்கிறது. முப்பது நாளில் தருகிறேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சட்டம் என்றதும் "தடை எடுத்தாச்சுங்களே" என்பார்கள். 2024 மார்ச்சில் ராட்வைலர், பிட்புல் உட்பட 23 நாய் இனங்களை விற்பதையும் இனப்பெருக்கம் செய்வதையும் நிறுத்தச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, இரண்டும் உண்மை. அடுத்த மாசமே சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் ஐந்து வயசுக் குழந்தையைக் குதறின. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அஜாக்கிரதையாக நாய் வைத்து ஆளுக்கு ஆபத்து வந்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாசம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளூர் விதி ஊருக்கு ஊர் மாறும், நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டி வந்த முதல் இரண்டு மாசம்தான் வேலையே. பதினாலு வாரத்துக்குள் அது பார்த்துப் பழகினதுதான் அதற்கு உலகம். தேங்காய் ஏற்றும் வண்டி, கைத்தடி ஊன்றுகிறவர், குழந்தை அழுகை எல்லாம் காட்டுங்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வயிற்றுப்போக்கு நோய்க்கான ஊசியைத் தவணை தப்பாமலும், மூணாம் மாசம் வெறிநாய் ஊசியும், அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்கிற கணக்கில் திரும்பவும் போடுங்கள். பகல் முழுக்க சங்கிலியில் கட்டாதீர்கள், கட்டிப் போட்ட நாய்க்குத்தான் மூர்க்கம் ஏறும். நிழலில் கூண்டு கட்டுங்கள். ஆனால் உள்ளே வருகிறவர் நாயைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்கிற மாதிரி கடவுக்கு (வாசல் கேட்டுக்கு) பக்கத்தில் கட்டாதீர்கள். கடவில் ஒரு மணி தொங்கவிடுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிசம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டியை எடுங்கள். நம்ம வீட்டு நாய்தானே என்று அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். நாய்க்கு எப்போது ஊசி போட்டது என்கிற அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.