ஜெர்மனியில் ஜெர்மன் வகுப்பு: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீடு கிடைத்து, முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. அடுத்த தலைவலி மொழி. பெர்லினிலோ மியூனிக்கிலோ உட்கார்ந்துகொண்டு கூகுளில் தேடினால் மொழிப் பள்ளிகள் வரிசைகட்டி வரும். எல்லாருமே சிறிய குழு, அனுபவமுள்ள ஆசிரியர் என்றுதான் சொல்வார்கள். அலுவலக நண்பர் ஒரு பள்ளியைச் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா வேறொன்றைச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர்களுடைய விசாவும் வேலை நேரமும் வேறு, உங்களுடையது வேறு. அதனால் தேடலைப் பள்ளியிலிருந்து தொடங்காதீர்கள்.

படி 1: யாரிடம் எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும்?

இதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொழித் திறனை ஏ1 (தொடக்கம்), ஏ2, பி1, பி2, சி1 என்று படிப்படியாக ஏறும் நிலைகளாகப் பிரிப்பார்கள். ப்ளூ கார்டில் (உயர்கல்வி பெற்று வேலைக்கு வருபவர்களுக்கான வதிவிட அனுமதி) இருப்பவர் ஏ1 வைத்திருந்தால் 27 மாதத்திலும், பி1 வைத்திருந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்கு பி1 வேண்டும். செவிலியர் வேலைக்குப் பொதுவாக பி2 கேட்பார்கள். மருத்துவர்களுக்கு அதற்கு மேல் சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு ஒன்று தனியாக உண்டு. ஜெர்மன் வழியில் பல்கலைக்கழகப் படிப்பு என்றால் டெஸ்ட்டாஃப் அல்லது டி.எஸ்.ஹா. என்ற மொழித் தேர்வு வேண்டும்.

நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். வகுப்பு முடிந்ததும் பள்ளி தரும் தாள் நீங்கள் வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்று மட்டுமே. அலுவலகங்கள் கேட்பது கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வின் சான்றிதழை. "உங்கள் பள்ளியே தேர்வு மையமா, அடுத்த தேர்வு எப்போது, கட்டணம் வகுப்போடு சேர்ந்ததா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். வகுப்பு முடிந்தபிறகு வேறு ஊரில் இடம் தேடி அலைவது வீண் செலவு.

எந்தச் சான்றிதழும் தேவையில்லை, கடையிலும் பிள்ளையின் பள்ளியிலும் பேசினால் போதும் என்றால் உங்களுக்குக் கவலை குறைவு. பேச்சுக்கு அதிக நேரம் தரும் மாலை வகுப்பே போதும்.

படி 2: அரசு வகுப்புக்குத் தகுதி உண்டா?

2005 முதல் ஜெர்மனியில் குடியேறியவர்களுக்காக இன்டக்ரேஷன் கோர்ஸ் என்ற அரசு வகுப்பு நடக்கிறது. பொதுவான வகுப்பில் மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றி 100 பாடவேளை. இலக்கு பி1. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. குடும்ப விசாவில் வரும் கணவன் அல்லது மனைவிக்கு இது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. படிக்க வந்த மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு, தகுதிச் சான்றான 'பெரெஷ்டிகுங்ஸ்ஷைன்' கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் எல்லாப் பள்ளியும் அதை ஏற்காது. பாம்ஃப் என்ற குடியேற்ற அலுவலகத்தின் அனுமதி பெற்ற பள்ளிகள் மட்டுமே ஏற்கும். எவை என்று பாம்ஃப் தளத்தில் ஊர் வாரியாகத் தேடலாம்.

600 என்ற எண்ணை மறக்காதீர்கள். சுழியிலிருந்து பி1 வரை அரசே ஒதுக்கும் நேரம் இது. "எட்டு வாரத்தில் பி1" என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பள்ளிகளின் வகை

ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஃபோக்ஸ்ஹோக்‌ஷூல இருக்கும். சுருக்கமாக ஃபௌ-ஹா-எஸ் என்பார்கள். பெரியவர்களுக்காக நகராட்சியோ மாவட்டமோ நடத்தும் அல்லது ஆதரிக்கும் கல்வி மையம் இது. கட்டணம் குறைவு. ஆட்கள் அதிகம். பதிவு திறந்ததும் இடம் போய்விடும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் (கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் இந்தியப் பெயர்) படித்தவர்களுக்குக் கோத்தே இன்ஸ்டிட்யூட் பழக்கமானதுதான், பாடமுறை ஒழுங்காக இருக்கும். ஆனால் ஜெர்மனியில் அதன் கட்டணம் கையைக் கடிக்கும். மூன்றாவது வகை தனியார் பள்ளிகள். அருமையானதும் உண்டு, பெயருக்கு நடப்பதும் உண்டு. அடுத்த இரண்டு படிகளும் முக்கியமாக இவற்றுக்காகவே.

படி 4: கட்டணத்தைப் பாடவேளையால் வகுக்கவும்

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். இங்கே பாடவேளை என்றால் 45 நிமிடம், ஒரு மணி நேரம் இல்லை. வாரத்துக்கு 20 பாடவேளை என்று போட்டிருந்தால் கடிகாரக் கணக்கில் 15 மணி நேரம்தான்.

ஓர் உதாரணம். ஒரு பள்ளியில் நான்கு வாரத்துக்கு 320 யூரோ, வாரத்துக்கு 20 பாடவேளை. மொத்தம் 80, அதாவது ஒன்றுக்கு 4 யூரோ. இன்னொன்றில் அதே நான்கு வாரத்துக்கு 240 யூரோதான். மலிவாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் வாரம் இரண்டு மாலை, மாலைக்கு மூன்று பாடவேளை என்றால் மொத்தம் 24. ஒன்றுக்கு 10 யூரோ ஆகிவிட்டது. மலிவாகத் தெரிந்ததுதான் இரண்டரை மடங்கு விலை.

அதற்காக முதல் பள்ளியே சிறந்தது என்று நினைக்க வேண்டாம். பகலில் வேலைக்குப் போகிறவர் தினசரிக் காலை வகுப்புக்குப் பணம் கட்டிப் பயனில்லை. புத்தகம், பதிவுக் கட்டணம் இரண்டையும் கூட்டிவிட்டு வகுத்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

படி 5: ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

பல பள்ளிகள் ஒரு சோதனை வகுப்பு தரும். "கான் இஷ் ஐனே ப்ரோபெஷ்டுண்டே மாகன்?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் சுவரையும் நாற்காலியையும் பார்க்காமல், யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியரே பாதிக்கு மேல் பேசிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு உதவாது.

நல்ல ஏ1 வகுப்பில் எண்கள் பாடம் எப்படி நடக்கும் தெரியுமா? ஆசிரியர் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் கைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகக் கேட்டு எழுதச் சொல்வார். ஜெர்மனில் 53 என்பதை மூன்று முன்னால், ஐம்பது பின்னால் வரும்படி சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறவர் 35 என்று எழுதியிருப்பார். சிரியாக்காரரும் பிரேசில்காரரும் நீங்களும் மாறி மாறிக் கேட்டு, திருத்தி, சிரித்து எழுதுவீர்கள். ஆசிரியர் சுற்றி வந்து தப்பை மட்டும் காட்டுவார். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வாயிலிருந்து எத்தனை ஜெர்மன் வாக்கியம் வந்தது என்று பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வரை சரி. இருபதைத் தாண்டினால் வாய் திறக்க முறை வருவதே கஷ்டம்.

படி 6: நிலைத் தேர்வும் ஒப்பந்தமும்

சேரும் முன் எந்த நிலை என்று சோதிப்பார்கள். அதில் பேச்சும் இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன நிலையில் அப்படியே சேர்த்துக்கொள்ளும் பள்ளியை நான் நம்பமாட்டேன். விசாவுக்காக இந்தியாவில் ஏ1 முடித்து ஒரு வருடம் ஆனவர்கள், மறுபடி ஏ1 பாதியில் உட்காரச் சொன்னால் கௌரவம் பார்க்காதீர்கள். ஏ2 வகுப்பில் விழித்துக்கொண்டு இருப்பதற்கு அது மேல்.

கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: போதிய ஆள் சேராவிட்டால் வகுப்பு ரத்தாகுமா, பணம் திரும்புமா? நடுவில் நிறுத்த எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும்? அடுத்த நிலையும் இதே நேரத்தில் நடக்குமா? தவறவிட்ட வகுப்பை ஈடுசெய்ய முடியுமா? மூன்றாவதைப் பலரும் கேட்பதில்லை. மாலை ஏ1 முடித்தபின் ஏ2 காலையில் மட்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து பள்ளி தேட வேண்டும்.

இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஃபௌ-ஹா-எஸ் கற்றல் தளமும் டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் ஜெர்மன் பாடங்களும் இலவசம். பேசிப் பழக, உங்கள் பகுதி நூலகத்தில் 'ஷ்ப்ராக்கஃபே' என்ற உரையாடல் சந்திப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே வருகிறவர்களிடமே சுற்றுவட்டாரப் பள்ளிகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம்.