கீமோ போட்டு வீடு திரும்பியபின் நடக்கும் தவறுகள்

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுக்கும்போது எல்லாரும் பயப்படுவது முடி கொட்டுவதற்கும் வாந்திக்கும். உயிருக்கு உலை வைப்பது காய்ச்சல்தான். உடம்பு லேசாகச் சுட்டதும் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள்.

மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது கிருமி தொற்றினால் சீழோ வீக்கமோ தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றே அடையாளம். மாத்திரை அதையும் மறைத்துவிடும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வையுங்கள், வாயிலோ அக்குளிலோ மட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குளிர் நடுக்கம் வந்தால் அளவு குறைவாக இருந்தாலும் கிளம்புங்கள். போனதுமே "கீமோ எடுக்கிறார், கடைசியாகப் போட்டது இந்தத் தேதி" என்று சொல்லிவிட வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று வரிசையில் உட்கார வைத்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டிய ஆன்டிபயாடிக் தள்ளிப்போகும்.

வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை வாந்தி வந்தபிறகு தேடுவது இன்னொரு தவறு. குமட்டல் தொடங்கிவிட்டால் அடக்குவது சிரமம். எழுதிக்கொடுத்த நேரப்படி முன்கூட்டியே போட வேண்டும். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரை மலச்சிக்கல் தரும், அதற்கான மருந்தையும் டாக்டரிடம் அப்போதே கேட்டு வாங்குங்கள். கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும். சர்க்கரைக்காரர்கள் அந்தச் சில நாட்கள் அடிக்கடி சோதிக்காமல் இருப்பது ஆபத்து.

வாய்ப்புண்ணுக்கு ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைத்தான் கூட்டும். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் தலா 1 டீஸ்பூன் கலந்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்குமுன்னும் கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவருக்கு அன்பாக ஐஸ் மோர் கொடுப்பவர்கள் உண்டு. மருந்து ஏறிய பின் சில நாட்கள் குளிர்ந்தது எதுவும் ஆகாது. தொண்டை இறுகுவது போலிருக்கும். ஃப்ரிட்ஜில் கை விட்டாலே விரல்கள் சுரீரென்று மரத்துப்போகும்.

யாரோ சொன்ன கஷாயத்தை டாக்டருக்குத் தெரியாமல் குடிப்பதும் வேண்டாம். கல்லீரல் பரிசோதனை முடிவு மோசமாக வந்தால், காரணம் கீமோவா கஷாயமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அடுத்த கீமோ தள்ளிப்போகலாம்.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து போட்டபின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தமல்ல. அதற்குப் பிறகும் சிவந்தாலோ, எரிச்சல் இருந்தாலோ சொல்லுங்கள். எந்த கீமோவானாலும் முதல் 48 மணி நேரம் கழிவில் மருந்து கலந்து வரும். டாய்லெட்டை மூடியபடி இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள், வாந்தியைத் துடைப்பவர் கையுறை போடட்டும்.