கிட்ஹப் இஷ்யூவில் "+1" மழையை அடக்குவது எப்படி?

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தலாம்) வெளியிட்டிருக்கிறீர்கள். பத்துப் பேர் பயன்படுத்தும்வரை தொல்லையில்லை. ஆள் சேர்ந்ததும், பிழை பற்றிய ஒரே இஷ்யூவில் (பிழையைத் தெரிவித்துப் பேசும் பக்கம்) "+1", "எனக்கும் இதேதான்", "எப்ப சரியாகும்?" என்று வந்து குவியும். 40 பேர் பின்தொடரும் இஷ்யூவில் அவர்களில் ஒருவர் "+1" போட்டால் மீதி 39 பேருக்கும் அறிவிப்பு போகிறது. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பதில்களின் இழை நீண்டதும் கிட்ஹப் நடுப்பகுதியைச் சுருட்டிவிடும். "2.3 பதிப்பில் சரியாக இருந்தது, 2.4-இல்தான் உடைகிறது" என்று யாரோ எழுதிய உருப்படியான ஒரே வரி அந்தச் சுருட்டலுக்குள் போய் மறைந்துகொள்ளும்.

2016 ஜனவரியில் திறமூலத் திட்டப் பராமரிப்பாளர்கள் பலர் கிட்ஹப்புக்கு எழுதிய திறந்த மடலில் இதுவும் ஒரு புகார். ரியாக்‌ஷன் பொத்தான்கள் (பதில் எழுதாமலே 👍, 👎, 🎉 போன்ற குறி போட) வந்தது அந்த மார்ச்சில்தான். ஆனால் பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. ஆட்களை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

படி 1: பதிலைத் தயாராக வையுங்கள்

உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் 'சேவ்ட் ரிப்ளைஸ்' பகுதியைத் திறந்து இப்படி ஒன்றைச் சேமியுங்கள்:

"இதே பிழை உங்களுக்கும் வந்தால் முதல் பதிவில் 👍 அழுத்துங்கள். உங்கள் பதிப்பு எண், இயங்குதளம், பிழைச்செய்தி ஆகியவற்றில் ஏதாவது மாறுபட்டால் மட்டும் எழுதுங்கள்."

'முதல் பதிவில்' என்பதை விட்டுவிடாதீர்கள். கீழே ஏதோ ஒரு பதிலில் விழும் 👍 அந்தப் பதிலோடு நின்றுவிடும்.

படி 2: எண்ணிக்கையைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

இஷ்யூ பட்டியலின் 'சார்ட்' மெனுவில் 👍 அதிகமுள்ளவற்றை மேலே கொண்டுவரலாம். மூன்று ஆண்டுகளாகக் கிடக்கும் இஷ்யூவில் 60 இருக்கும், போன வாரம் வந்ததில் 9 இருக்கும். அவசரம் பெரும்பாலும் அந்த ஒன்பதில்தான். 👎 இன்னும் குழப்பம்: யோசனை பிடிக்கவில்லையா, பிழை மீது எரிச்சலா, எழுதியவர் மீது கோபமா என்று அதிலிருந்து தெரியாது. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று: ரியாக்‌ஷனுக்கு அறிவிப்பு போகாது. பிழையைச் சரிசெய்துவிட்டு 🎉 மட்டும் வைத்தால் காத்திருப்பவர் யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

படி 3: அழிக்காமல் மறையுங்கள்

ஏற்கெனவே குவிந்த "+1"களுக்கு: பதிலின் மூன்று புள்ளி மெனு, 'ஹைட்', பிறகு காரணம். தலைப்புக்குப் பொருந்தாதது, காலாவதியானது, ஸ்பாம் எனப் பட்டியல் வரும். மறைத்ததை மற்றவர்களும் விரித்துப் படிக்கலாம் என்பதால் சண்டை குறைவு. அழித்தால், ஒரு பதில் நீக்கப்பட்டது என்ற தடம் இழையில் நிற்கும். எழுதியது என்னவென்று தெரியாமல் ஆளாளுக்கு ஊகிப்பார்கள். கடவுச்சொல்லோ தொலைபேசி எண்ணோ தவறி வெளியானால் மட்டும் அழியுங்கள். அந்தக் கடவுச்சொல்லையும் உடனே மாற்றச் சொல்லுங்கள், அறிவிப்பு மின்னஞ்சலில் அது ஏற்கெனவே போயிருக்கும்.

மறைத்த கையோடு, அந்த 2.3, 2.4 வரியைத் தேடியெடுத்து அதன் இணைப்பை முதல் பதிவின் அடியில் சேர்த்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அடுத்து வருபவர் அதே கேள்வியைக் கேட்காமல் இருப்பது இதனால்தான்.

படி 4: சூடேறினால்

ஒரே இஷ்யூவில் சண்டையென்றால் வலப்பக்கம் கீழே 'லாக் கான்வர்சேஷன்'. பூட்டுவதற்கு முன் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். காரணம் சொல்லாமல் பூட்டினால் அதே சண்டை புது இஷ்யூவாகத் திரும்பி வரும். திட்டம் முழுக்கக் கூட்டம் பாய்ந்தால் ரெப்போவின் (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) செட்டிங்ஸில் 'மாடரேஷன் ஆப்ஷன்ஸ்' வழியாக 'இன்டராக்‌ஷன் லிமிட்ஸ்' (யார் பதிவிடலாம் என்ற கட்டுப்பாடு) போகலாம். புதுக் கணக்குகளை மட்டும் தடுப்பது மென்மையானது. கால அளவு 24 மணி நேரத்திலிருந்து 6 மாதம்வரை. 24 மணி நேரத்தில் தொடங்குங்கள்.

அந்தக் கட்டுப்பாடு கெடு முடிந்ததும் தானாக விலகிவிடும். இஷ்யூ பூட்டு அப்படியல்ல, நீங்கள் திறக்கும்வரை பூட்டியே கிடக்கும். எனவே பூட்டிய அன்றே நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.