சியாட்டில் மத்திய நூலகம்: படமெடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள்

அமெரிக்காவின் சியாட்டில் மத்திய நூலகத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பலர் நேராக லிஃப்டில் பத்தாவது தளத்துக்குப் போகிறார்கள். சரிந்து நிற்கும் கண்ணாடிக்குக் கீழே நின்று படமெடுக்கிறார்கள். வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். 2004இல் திறக்கப்பட்ட இந்தப் பதினோரு தளக் கட்டடத்தின் உயிர்நிலை அதற்குக் கீழே இருக்கிறது. கட்டடக் கலைஞர்களான ரெம் கூல்ஹாஸும் ஜோஷுவா பிரின்ஸ்-ராமஸும் கோணல்மாணலான இந்த வடிவத்தை வெறும் கவர்ச்சிக்காக வரையவில்லை. நூலகத்தின் உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொண்டார்கள். வெளித்தோற்றம் அதைப் பின்தொடர்ந்தது.

ஆறாம் தளம் முதல் ஒன்பதாம் தளம் வரை நூல்கள் ஒரே சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. நூல்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் டூயி பகுப்பு எண் 000இல் தொடங்கி 999 வரை வரிசை எங்கும் அறுபடுவதில்லை. வழக்கமான நூலகத்தில் ஒரு துறையின் நூல்கள் பெருகினால், மிஞ்சியவற்றை வேறு மாடிக்கு அனுப்புவார்கள். நாளடைவில் வரிசை சிதறும். இங்கே பக்கத்துத் துறை சற்று நகர்ந்து இடம்விட்டால் போதும். நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த நூலக விதிகளில் ஐந்தாவது. அந்த விதி கட்டடமாகவே எழுந்து நிற்பதை இங்கே பார்க்கலாம். எனவே ஒன்பதாம் தளத்தில் லிஃப்டை விட்டு இறங்கி, வரலாறு, இலக்கியம், கலை என்று எண்கள் குறைய ஆறாம் தளம் வரை நடந்து வாருங்கள். தரையில் உள்ள எண்களே வழிகாட்டும். சரிவு மிக மெல்லியது, முதியவர்களும் நடக்கலாம்.

நண்பரிடம் "வாசலில் நில்லுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கட்டடம் மேட்டுச் சரிவில் இருப்பதால் நான்காம் அவென்யூ வாசல் முதல் தளத்திலும், ஐந்தாம் அவென்யூ வாசல் மூன்றாம் தளத்திலும் திறக்கின்றன.

முதல் தளத்தில் பிறமொழி நூல்கள் இருக்கும் பகுதியின் மரத்தரையைப் பாராமல் மிதித்துப் போகிறவர்கள்தான் அதிகம். ஆன் ஹாமில்டன் என்ற கலைஞர் பல மொழி நூல்களின் முதல் வாக்கியங்களை, அச்செழுத்தைப்போல் இடவலம் மாற்றி, அதில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார். குனிந்து விரலால் தடவிப் பாருங்கள்.

கடைசியாக, என்னை மிகவும் வருத்தும் தவறு: அங்கே அமர்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படமெடுப்பது. வீடற்ற பலர் பகலில் வந்து அமர்ந்து படிக்கும் பொது இடம் அது. மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கியவரின் முகம் உங்கள் படத்தில் விழுந்திருந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.