வாதி ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியானால்: முதல் 30 நாளில் செய்ய வேண்டியவை

மேலூர் முன்சீப் கோர்ட்டிலோ திருமங்கலம் சப் கோர்ட்டிலோ போட்ட வழக்கை, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஒரு வாய்தாவில் பெயர் கூப்பிடும்போது யாரும் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். சம்மன் அனுப்பக் கட்ட வேண்டிய கட்டணமான பேட்டாவைக் கட்டாமல் விட்டாலும் அதே கதிதான்.

தள்ளுபடியான தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்குரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அதோடு நிற்காமல், வழக்குக் கட்டில் எழுதியிருக்கும் உத்தரவை வக்கீல் மூலம் படித்துப் பாருங்கள். அன்று பிரதிவாதி தரப்பு ஆஜரானதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கமும் இல்லையென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 3. காலவரம்பு மிச்சமிருந்தால் புது வழக்கே போடலாம். பிரதிவாதி இருந்து நீங்கள் இல்லையென்றால் ரூல் 8. அதே வழக்கு மூலத்தில், அதாவது அதே காரணத்தை வைத்து, மறுபடி வழக்குப் போட முடியாது, பழைய வழக்கை மீட்பது ஒன்றே வழி. பாகப்பிரிவினை வழக்குக்கு மட்டும் பொதுவாக இந்தத் தடை வராது. சொத்து பொதுவில் இருக்கும்வரை பாகம் கேட்கும் உரிமை தொடர்கிறது. புது வழக்குப் போடலாம் என்றாலும் மறுபடி கோர்ட் ஸ்டாம்பு கட்ட வேண்டும். பழைய வழக்கு நடந்த வருஷங்களையும் காலவரம்பிலிருந்து கழித்துத் தரமாட்டார்கள். 3 வருஷ வரம்புள்ள புரோநோட்டுக்கு இது பெரிய அடி. ஆகவே இரண்டிலும் மீட்பு மனுவே நல்லது.

மனுப் போடத் தள்ளுபடியான தேதியிலிருந்து 30 நாள். உத்தரவின் நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நாட்களை இதிலிருந்து கழித்துத் தரமாட்டார்கள். பலர் தவறுவது இங்கேதான். நகல் வரட்டும் என்று உட்காராதீர்கள். கடைசி நாள் மே விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

30 நாள் தாண்டிவிட்டால் லிமிடேஷன் (காலவரம்பு) சட்டம் 5ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். அபிடவிட்டில் இரண்டு கேள்விக்கும் தனித்தனியே பதில் வேண்டும்: அன்று ஏன் வரவில்லை, அதன்பின் ஏன் இத்தனை நாள். மஞ்சள் காமாலை என்று ஒரு வரி எழுதினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை வையுங்கள். தேதிகள் வாய்தாவோடு பொருந்துகிறதா என்று கையெழுத்துப் போடுமுன் சரிபாருங்கள். வக்கீல் சொல்லவில்லை என்பது காரணமாகலாம், ஆனால் நீங்கள் எப்போதெல்லாம் விசாரித்தீர்கள் என்று காட்டாவிட்டால் எடுபடாது.

ரூல் 8 தள்ளுபடியை மீட்க ரூல் 9இல் போடும் மனுவில், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன பிறகே மீட்பு உத்தரவு வரும். செலவுத்தொகை கட்டச் சொன்னால், சொன்ன தேதிக்குள் கட்டுங்கள். ரூல் 9 மனு தள்ளுபடியானால் அதன்மேல் அப்பீல் உண்டு. முன்சீப், சப் கோர்ட் வழக்குகளில் மேல்கோர்ட்டுக்குப் போக 30 நாள்.

வாதியோ பிரதிவாதியோ இறந்துவிட்டால், உரிமை வாரிசுகளுக்குப் போகும் வழக்கில், 90 நாளுக்குள் அவர்களைச் சேர்க்க வேண்டும். தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை, உத்தரவே இல்லாமல் வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க அடுத்த 60 நாள்.

வழக்கு தள்ளுபடியானதுமே இடைக்காலத் தடையும் போய்விடுகிறது; அந்த இடைவெளியில் நிலம் கைமாறலாம். தீர்ப்புக்கு முன் வாங்கிய ஜப்தி, வழக்கு மீண்டாலும் தானாக உயிர்பெறாது. மீட்பு மனுவோடு அவசரப் பாதுகாப்புக்கும் என்ன கேட்கலாம் என்று அன்றைக்கே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.