தமிழ்ச்செல்வியின் ‘வி’ எங்கே போனது?

அடையாள அட்டை அச்சிடும் நிரல் ஒன்றில் பெயருக்கு 12 எழுத்து வரம்பு வைத்திருந்தேன். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயர் ‘தமிழ்ச்செல்வ’ என்று அச்சாகி வந்தது. விரல்விட்டு எண்ணினால் ஏழே எழுத்து. பிறகு எப்படி வெட்டுப்பட்டது?

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் ‘வி’ ஒரே குறி அல்ல. ‘வ’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் குறி. அப்படி எண்ணினால் மொத்தம் 13. நான் நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நீளத்தைச் சொல்லும் ‘லெங்த்’ தருவதும் அந்தக் கணக்கைத்தான். 13-ஆவதாக நின்ற கொக்கியை, முதல் 12 குறிகளை மட்டும் எடுக்கும் என் ‘ஸ்லைஸ்’ கட்டளை வெட்டிவிட்டது. அதே மொழியில் இருக்கும் ‘செக்மென்டர்’ என்ற கருவியைக் கொண்டு எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்ணியதும் சரியானது.

அதுவரை ‘டெஸ்ட்’, ‘ஜான்’ என்று ஆங்கில எழுத்தில்தான் சோதித்து வந்தேன். தமிழர் பெயரை அச்சிடும் நிரலுக்கு அது போதவே போதாது. இப்போது என் சோதனைத் தரவின் முதல் வரியே தமிழ்ச்செல்விதான்.